குமரி மாவட்டத்தில் பழைய மின்னணுப் பொருள் எங்கே போகிறது: ஓட்டத்தைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய டிவி, செல்போன், ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் தன் ஊரில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகின்றன என்பதை எண்ணிக்கையோடும் எடையோடும் சொல்ல விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி மாணவர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், உள்ளாட்சி உறுப்பினர்கள், யாரும் செய்யலாம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மாணவர்களோடு இந்த வேலையைச் செய்து முடித்த பிறகே எழுதுகிறேன். ஒரு நகரத்தின் ஒரு பகுதிக்கு மூன்று பேர், வாரம் இரண்டு நாள், மூன்று மாதம் போதும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் படிகளின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவார்கள். மூன்றாம் வாரம் அந்தத் தாள்களை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது என்று தெரியவரும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. மூன்று பொருளை மட்டும் எடுங்கள்

2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் அட்டவணையில் 106 வகைப் பொருள்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரு குழு பின்தொடர முடியாது. மூன்று போதும்: கனமான ஒன்று, சிறிய ஒன்று, நடுத்தரமான ஒன்று. குழாய் டிவி, செல்போன், ஃப்ரிட்ஜ் என்பது நல்ல சேர்க்கை. காரணம், இந்த மூன்றும் மூன்று விதமாகப் பயணிக்கின்றன. டிவியை யாரும் எடுக்க விரும்புவதில்லை. செல்போன் சட்டைப் பையிலேயே ஊர் தாண்டிவிடும். ஃப்ரிட்ஜில் செம்பும் கம்ப்ரசரும் இருப்பதால் அதற்குப் போட்டி இருக்கும்.

எல்லையையும் இப்போதே வரையுங்கள். "குமரி மாவட்டம்" என்று எழுதி வைத்தால் ஒன்பது ஒன்றியமும் ஒரு மாநகராட்சியும் உங்கள் தலையில் ஏறும். முதல் சுற்றுக்கு வடசேரியிலிருந்து கோட்டாறு வரை என்றோ, மார்த்தாண்டம் சந்திப்பைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் என்றோ வைத்துக்கொள்ளுங்கள். எல்லை சின்னதாக இருந்தால்தான் உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று கேட்க முடியும்.

2. எது பழைய பொருள், எது கழிவு என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் ஒரு முழு நாள் உட்காருங்கள். மொத்த வேலையும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு வீட்டுக்காரர் "கழிவு" என்று தள்ளிய டிவி, மெக்கானிக்குக் கிடைத்ததும் "செட்" ஆகிவிடுகிறது. அவர் அதில் ஒரு சர்க்யூட் போர்டை மாற்றி ஓடவைத்து விற்றால் அது பொருள். ஓடாவிட்டால் அதே டிவி மற்ற டிவிக்களுக்கு உதிரி. உதிரியெல்லாம் தீர்ந்தபின் மிச்சம் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, எடையில் போகிறது. ஒரே பெட்டிக்கு ஒரு மாதத்தில் நான்கு பெயர். நீங்கள் எந்த நிலையில் பார்த்தீர்கள் என்று குறிக்காவிட்டால் உங்கள் எண் எதையும் சொல்லாது.

நாங்கள் ஐந்து நிலை வைத்தோம். "ஓ" என்றால் ஓடுகிறது, அப்படியே விற்கலாம். "ப" என்றால் பழுது, சரிசெய்யும் நோக்கத்தோடு வைத்திருக்கிறார்கள். "உ" என்றால் உதிரிக்காக வைத்திருக்கிறார்கள். "பி" என்றால் பிரித்தாயிற்று, பாகங்களாகக் கிடக்கிறது. "வி" என்றால் விட்டெறிந்தாயிற்று. கடைக்காரரிடம் கேட்க ஒரே கேள்வி: "இதை என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?" அவர் சொல்லும் பதிலில் நிலை வந்துவிடும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழுது பார்க்கும்போதும் புதுப்பிக்கும்போதும் ஒதுக்கப்படும் பாகங்களும் மின்னணுக் கழிவுதான் என்கிறது 2022 விதி. அதாவது மெக்கானிக் மேசைக்கடியில் கிடக்கும் செத்த போர்டுகள் கணக்கில் வரும். நாடு தாண்டும் சரக்குக்கு, அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தத்தின் வழிகாட்டுதல்கள் பொருளை இயக்கிப் பார்த்துச் சோதித்த பதிவு இருக்கிறதா, அடியும் ஈரமும் படாமல் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கின்றன. உள்ளூரிலும் இதே இரண்டு கேள்வி நன்றாக உதவும். ஓடும் டிவியை யாரும் மழையில் திறந்த லாரியில் குவித்து ஏற்றமாட்டார்கள்.

பேட்டரியைத் தனித்தாளில் எழுதுங்கள். 2022-இலேயே அதற்குத் தனி விதிகள் வந்துவிட்டன. அது போகும் வழியும் வேறு. இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றே 50 கிலோவைத் தாண்டும். அதை யுபிஎஸ்ஸோடு சேர்த்து எழுதிய ஒரு குழுவின் மொத்த எடையே பொய்யாகிப் போனது.

3. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

தொங்கும் டிஜிட்டல் தராசு ஒன்று, 100 கிலோ வரை தாங்குவது. செல்போன், போர்டு போன்றவற்றுக்கு 5 கிலோ சமையலறைத் தராசு ஒன்று. தடித்த கையுறை, மூடிய செருப்பு, முகக்கவசம். கடைகளுக்கு எண் போட்ட ஒரு தனி நோட்டு: கடைப்பெயர் அதில் மட்டும் இருக்கட்டும், களத்தாளில் "ந-07", "மா-12" போன்ற குறியீடு மட்டும்.

கல்லூரியிலிருந்தோ சங்கத்திலிருந்தோ ஒரு பக்கக் கடிதம், தமிழில். அதில் மூன்று வரி கட்டாயம்: நாங்கள் வரித்துறை இல்லை, கடைப்பெயரை வெளியிடமாட்டோம், விலையைக் கேட்கமாட்டோம். மூன்றாவது வரி முக்கியம். விலையைத் தொட்டால் வியாபாரி வாயை மூடிக்கொள்வார், அவர் பிழைப்பே அந்த விலையில்தான் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது எடையும் திசையும்.

பாதுகாப்புக்கு சில உறுதிகள். குழாய் டிவியின் பின்புறத்தை நீங்கள் திறக்காதீர்கள்; ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் உயர் மின்னழுத்தம் நிற்கும், குழாய் உடைந்தால் உள்நோக்கி வெடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் கெப்பாசிட்டரும் அப்படித்தான். உப்பிப்போன செல்போன் பேட்டரியைத் தராசில் வைக்கவே வேண்டாம். ஒயரை எரித்துக் காட்டச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், படத்துக்காகக்கூட.

4. நடுவிலிருந்து ஆரம்பியுங்கள்

எங்கள் முதல் குழு வீடுகளில் ஆரம்பித்தது. "பழைய டிவியை என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் "யாரோ எடுத்துட்டுப் போனாங்க" என்றார்கள். உண்மைதான், அவர்களுக்கு அதற்கு மேல் தெரியாது. ஓட்டத்தின் இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் நடுவில் இருக்கிறார்கள்: மெக்கானிக்கும் ஆக்கர் கடைக்காரரும். யார் கொண்டுவந்தார்கள் என்பதும் தெரியும், யாருக்குக் கொடுத்தோம் என்பதும் தெரியும்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் மெக்கானிக் கடைகள், அப்புறம் ஆக்கர் கடைகள், அங்கிருந்து பின்னோக்கி வீடும் அலுவலகமும், கடைசியில் முன்னோக்கி மாவட்ட எல்லை. பின்னோக்கிப் போகும்போது எந்த வீட்டில், எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதல் வாரம் எதையும் எழுதாமல் தெருத்தெருவாக நடந்து கடைகளை மட்டும் வரைபடத்தில் குறியுங்கள். கூகுள் வரைபடத்தில் பாதிக் கடைகள் இருக்காது. வீட்டு முற்றத்தில், தென்னந்தோப்பு ஓலைக் கொட்டகையில், தள்ளுவண்டியில் நடக்கும் வியாபாரத்தைக் கால் மட்டும்தான் கண்டுபிடிக்கும்.

5. மெக்கானிக் கடையில்

காலை பத்து மணிக்கு மேல் போகாதீர்கள், வாடிக்கையாளர் வந்துவிடுவார்கள். முதல் முறை வந்தது, போனது என்று கணக்கு எடுக்க வேண்டாம். கிடங்கில் நிற்பதை எண்ணுங்கள், நிலைக் குறியீடு போடுங்கள், தேதி எழுதுங்கள். இதுதான் ஆரம்ப இருப்பு. பிறகு வாரம் ஒருமுறை அதே நாளில் போய் வந்தவை, போனவை, இருப்பு மூன்றையும் எழுதுங்கள்.

ஆரம்ப இருப்பை எடுக்காமல் விடுவது மிகப் பொதுவான தவறு. அது இல்லாவிட்டால், இந்த மாதம் வெளியே போன பத்து டிவியும் இந்த மாதம் வந்தவையா, மூன்று வருடமாக மூலையில் கிடந்தவையா என்று சொல்லவே முடியாது.

செல்போன் கடையில் ஐஎம்இஐ எண்ணை முழுதாக எழுதாதீர்கள். அந்த 15 இலக்கமும் ஒருவரின் போனை அடையாளம் காட்டும். ஒரே போன் இரண்டு கடையில் எண்ணப்படாமல் இருக்கக் கடைசி நான்கு இலக்கமும் மாடலும் போதும்.

பொருளின் வயதைக் கேட்டால் ஞாபகத்தில் தவறாகச் சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு ஓர் அருமையான அடையாளம் இருக்கிறது: அரசு கொடுத்த பொருள்கள். 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி 2006-க்கும் 2011-க்கும் இடையே கொடுக்கப்பட்டது. மாணவர்களுக்கான இலவச லேப்டாப்பும், மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் 2011-இல் தொடங்கின. அரசு முத்திரையோடு ஒரு டிவி ஆக்கர் கடையில் கிடந்தால் அது எப்போது வீட்டுக்குள் நுழைந்தது என்று உங்களுக்குத் தெரியும். தாளில் "அரசு" என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் வீட்டில் இருந்து வெளியேறுகிறது என்பதற்கு இதைவிட நம்பகமான சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

6. ஆக்கர் கடையில்

மற்ற ஊர்களில் காயலான் கடை, பழைய இரும்புக் கடை என்பதைத்தான் இங்கே ஆக்கர் கடை என்கிறோம். இங்கே ஓட்டம் வடிவம் மாறுகிறது. உள்ளே நுழைவது ஃப்ரிட்ஜ். வெளியே போவது இரும்பு, பிளாஸ்டிக், செம்பு, அலுமினியம், கம்ப்ரசர். அதனால் இந்த இடத்திலிருந்து "எத்தனை" என்று எண்ணுவதை நிறுத்தி "எத்தனை கிலோ" என்று எடை போட ஆரம்பிக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள், ஃப்ரிட்ஜ் ஆக்கர் கடையில் "காணாமல் போய்விட்டது" என்று எழுதி முடிக்கிறார்கள்.

முதல் நாள் உட்கார்ந்து பேசுங்கள். கோட்டாற்றில் ஒரு பெரியவர் எங்கள் நோட்டைப் பார்த்துக் கேட்டது: "எதுக்கு மக்ளே இத எல்லாம் எழுதுதிய?" உண்மையான காரணத்தை அப்படியே சொன்னோம். எந்தப் பொருள் இங்கே வந்து நின்றுவிடுகிறது, எது குளத்துக்கும் குப்பைமேட்டுக்கும் போகிறது என்று தெரிந்தால் அதற்கு வழி கேட்கலாம் என்றோம். "டிவி கண்ணாடிக்கு வழி கேளுங்க, மத்தது எல்லாம் தானா போவும்" என்றார். மூன்று மாதக் கணக்கு கடைசியில் காட்டியதும் அதையேதான்.

அந்தக் கண்ணாடியைக் கவனியுங்கள். குழாய் டிவியின் எடையில் பாதிக்கு மேல் கண்ணாடி. குழாயின் பின்புறக் கூம்பில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புச் சுருளையும் போர்டையும் கழற்றியபின் கண்ணாடியை வாங்க ஆள் இல்லை. ஆகவே பிரிக்கும் இடத்தில் "கண்ணாடி எங்கே?" என்று நேராகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கடையின் பின்புறத்தையும் அருகிலுள்ள ஓடை, குளக்கரையையும் போய்ப் பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதுங்கள், யார் போட்டார்கள் என்று ஊகித்து எழுதாதீர்கள்.

ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் இதேபோல் கண்ணுக்குத் தெரியாமல் போவது குளிரூட்டும் வாயு. செம்புக் குழாயை வெட்டிய நிமிடமே அது காற்றில் கலந்துவிடும். பழைய ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-134ஏ, அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். புதிய ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ தீப்பிடிக்கும். கம்ப்ரசர் மேலுள்ள ஒட்டியில் வாயுவின் பெயரும் கிராம் அளவும் இருக்கும். குழாய் வெட்டுவதற்கு முன் அதைப் படம் எடுத்துவிடுங்கள், எடைக் கணக்கில் அது தனி வரி.

எடை போடுவதில் ஒரு ஒழுங்கு. ஒவ்வொரு பொருளிலும் குறைந்தது இருபது உருப்படியை நீங்களே எடைபோட்டு, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடு எடையை எடுங்கள். வேறு நாட்டு அட்டவணையில் உள்ள சராசரி எடையைக் கொண்டுவந்து பெருக்காதீர்கள். அங்கே இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், இங்கே பெரும்பாலும் ஒற்றைக் கதவு. அதோடு, கடலோர ஊர்களிலிருந்து வரும் ஃப்ரிட்ஜின் அடித்தகடு உப்புக்காற்றில் அரித்துக் கொட்டிப்போயிருக்கும், எடையும் அதற்கேற்பக் குறையும்.

கம்ப்ரசர் உள்ளே இருக்கிறதா, கழற்றியாயிற்றா என்று எழுத மறக்காதீர்கள். கம்ப்ரசர் இல்லாத ஃப்ரிட்ஜை முழு ஃப்ரிட்ஜாக எழுதியது எங்கள் முதல் மாதத் தாள்களில் பாதியைக் கெடுத்தது.

போர்டுகள் சாக்கில் கட்டிவைக்கப்படும். இவற்றில்தான் தங்கம் போன்ற உலோகங்கள் துளியாக இருக்கின்றன, அதனால் இவை நம் மாவட்டத்தில் தங்குவதில்லை. எங்கே போகிறது என்றால் மதுரை, சென்னை, டெல்லி என்று பதில் வரும். அந்தப் பதிலை "சொன்னது" என்ற கட்டத்தில் எழுதுங்கள். ரசீதோ எடைச்சீட்டோ காட்டினால் மட்டும் "பார்த்தது" என்ற கட்டத்தில் எழுதுங்கள். இந்த இரண்டு கட்டத்தையும் கலக்காமல் இருந்தாலே உங்கள் அறிக்கையை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

7. பின்னோக்கி: வீடு, அலுவலகம், படகு

இப்போது வீடுகளுக்குப் போகலாம். கேட்க வேண்டியது "என்ன செய்தீர்கள்?" என்பதோடு "இப்போது ஓடாமல் எது வீட்டில் கிடக்கிறது?" என்பதும்தான். பரணிலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கும் போன்களும் செட்-டாப் பாக்ஸ்களும் இன்னும் ஓட்டத்தில் சேராதவை. அவற்றை இருப்பு என்று எழுதுங்கள், கழிவில் சேர்க்காதீர்கள்.

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடு நம் மாவட்டத்தில் ஏராளம். அங்கிருந்து விடுமுறைக்கு வருகிறவர் கொண்டுவரும் போனும் டிவியும் இங்குள்ள எந்தக் கடையின் விற்பனைக் கணக்கிலும் இராது. விற்பனையை வைத்துக் கழிவை மதிப்பிடும் முறை இங்கே குறைத்துக் காட்டுவதற்கு இது ஒரு காரணம். "எங்கே வாங்கியது?" என்று ஒரு கேள்வி சேருங்கள்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போனால் படகுக் கருவிகளைத் தவறவிடாதீர்கள்: ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ். ஆழ்கடல் படகுகள் பல கொச்சித் துறைமுகத்திலிருந்து தொழில் செய்வதால் பழுதான கருவி அங்கேயே மாற்றப்பட்டு அங்கேயே தங்கிவிடலாம். உரிமையாளரின் வீடு இங்கே, கழிவு அங்கே. இரண்டு ஊரையும் எழுதுங்கள்.

அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் பழுதான கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்ட உத்தரவு வேண்டும். அது வரும்வரை அறையில் அடுக்கிக் கிடக்கும். பொருள் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்கும் அறையில் நிற்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் தகவல். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளின் கட்டுப்பாட்டுப் பலகைகள் ஒப்பந்தம் மூலம் போகும் தனிச் சரக்கு. முதல் சுற்றில் அதைத் தொட வேண்டாம்.

8. முன்னோக்கி: களியக்காவிளையும் ஆரல்வாய்மொழியும்

மாவட்டத்தை விட்டுச் சரக்கு வெளியேறும் பெரிய சாலைகள் இரண்டு. மேற்கே களியக்காவிளை வழியாகக் கேரளம், கிழக்கே ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி. இரண்டு திசையிலும் போவதையும் வருவதையும் எழுத வேண்டும். கேரளத்திலிருந்து கழிவு வருகிறது என்ற பேச்சைக் கேட்டுவிட்டு வரும் வண்டியை மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் கிடைக்கும். நம்முடைய போர்டும் செம்பும் அந்தப் பக்கம் போவதும் உண்டு.

சாலையில் நின்று லாரியை எண்ணாதீர்கள், தார்ப்பாய்க்குள் என்ன என்று தெரியாது, பிரச்சினையும் வரும். ஆக்கர் கடையில் லோடு ஏற்றும் நாளைத் தெரிந்துகொண்டு அங்கே போங்கள். எடைமேடைச் சீட்டில் மொத்த எடை, வெறும் வண்டி எடை, சரக்கு எடை மூன்றும் இருக்கும். மூன்றையும் எழுதுங்கள், சரக்கு எடையை மட்டும் எழுதினால் பின்னால் சரிபார்க்க வழி இல்லை.

வண்டி எண்ணில் முதல் பகுதி மட்டும் போதும். டிஎன் 74 நாகர்கோவில், டிஎன் 75 மார்த்தாண்டம், டிஎன் 72 திருநெல்வேலி, கேஎல் 01 திருவனந்தபுரம், கேஎல் 19 பாறசாலை, கேஎல் 20 நெய்யாற்றின்கரை. ஆனால் வண்டி பதிவான ஊர் சரக்கு இறங்கும் ஊர் இல்லை. திரும்பும் வண்டியில் குறைந்த வாடகைக்கு ஏற்றிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். இதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு, வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு 1 லட்சம். காட்டினால் பாருங்கள், அதில் இறங்கும் ஊர் இருக்கும். சின்ன லோடுகளுக்குப் பில்லே இருக்காது என்பதால் பில்லை மட்டும் வைத்து மொத்த ஓட்டத்தையும் கணக்கிட முடியாது.

9. அதிகாரப்பூர்வப் பதிவோடு ஒத்துப்பாருங்கள்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவாசலில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் இருக்கிறது. கடைக்காரர் சொன்ன பெயர் அதில் இருக்கிறதா, எந்த மாவட்டத்தில், எவ்வளவு கொள்ளளவு என்று பாருங்கள். 2022 விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. உற்பத்தியாளர், தயாரிப்பு நிறுவனம், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்ற நான்கு வகையினர் பதிவு செய்ய வேண்டும். பழைய 2016 விதிகளில் இருந்த சேகரிப்பு மையம், பிரிப்பவர் என்ற வகைகள் இப்போது தனிப் பதிவில் இல்லை. பழைய படிவத்தை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் "பிரிப்பவர் உரிமம் இருக்கிறதா?" என்று கேட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறு நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று விதியிலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்த கடைகளில் மிகப்பெரும்பாலானவை அந்த அளவுதான். ஆகவே இணையவாசலில் குமரிக்கு எதிரே சிறிய எண் தெரிந்தால் ஓட்டம் சிறியது என்று பொருள் கொள்ளாதீர்கள். ஓட்டம் பதிவுக்கு வெளியே நடக்கிறது என்றுதான் பொருள்.

10. ட்ராக்கர் வைக்கலாமா

எல்லோரும் முதல் நாளே கேட்பது இதைத்தான். நான் கடைசியில் வைக்கிறேன், காரணம் உண்டு. பழைய பிரிண்டர், மானிட்டர்களுக்குள் இருப்பிடம் காட்டும் கருவியை வைத்து அனுப்பிப் பார்க்கும் முறையைப் பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற தொண்டு அமைப்பு அமெரிக்காவில் 200 கருவிகளோடு செய்து காட்டியது. நம்மிடம் ஐந்து கருவி இருந்தால் அதிகம். ஐந்து கருவி ஐந்து கதை சொல்லும், அளவு சொல்லாது. எங்கே வைப்பது என்று தெரிவதற்கே முந்தைய ஒன்பது படியும் வேண்டும்.

இரும்புப் பெட்டிக்குள் ஜிபிஎஸ் வானத்தைப் பார்க்காது. செல்போன் கோபுரத்தை வைத்துச் சொல்லும் இடம் சில கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும். இடம் காட்டும் சிறு புளூடூத் வில்லைகள் பக்கத்தில் வேறு போன்கள் இருந்தால்தான் பேசும். அதோடு, தெரியாத வில்லை கூடவே வருகிறது என்று லாரி ஓட்டுநரின் போன் அவரை எச்சரித்துவிடும். ஓட்டுநர் எங்கே தூங்கினார் என்பது உங்கள் வேலையும் இல்லை. கடைக்காரரிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும், உங்கள் சொந்தப் பொருளில் வையுங்கள். கடைசியாக நின்ற ஊரை மட்டும் எழுதுங்கள்.

11. கணக்கைச் சமப்படுத்துங்கள்

ஒரு கடைக்கு ஒரு மாதத்துக்கு இப்படிப் போடுங்கள். எண்கள் உதாரணத்துக்காக மட்டும். ஆரம்ப இருப்பு 120 கிலோ, வந்தது 430 கிலோ, மாதக் கடைசி இருப்பு 150 கிலோ. அப்படியானால் 400 கிலோ வெளியே போயிருக்க வேண்டும். தாளில் உள்ளவை: இரும்பு 140, பிளாஸ்டிக் 90, கண்ணாடி 60, போர்டு 30, அலுமினியம் 22, செம்பு 18. கூட்டினால் 360. நாற்பது கிலோவைக் காணோம்.

அந்த நாற்பதைச் சதவீதத்தில் கரைத்துவிடாதீர்கள். அதைத் தேடிப் போங்கள். ஃப்ரிட்ஜ் சுவரிலிருந்த நுரை குப்பைக்குப் போயிருக்கும். கம்ப்ரசர் ஓடும் நிலையில் மெக்கானிக்குத் திரும்பி விற்கப்பட்டிருக்கும். டிவியின் கண்ணாடி ஒரு மூட்டை இரவில் எங்கோ போயிருக்கும். வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்குக்குப் போகும் கலப்புக் குப்பையிலும் சிறிய பொருள்கள் கலந்திருக்கும். நான் பார்த்தவரை முக்கியமான கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்தக் குறையும் கிலோக்களைத் தேடும்போதுதான் வந்தன.

கணக்கு கூடுதலாக வந்தால் இரட்டை எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். ஒரு ஃப்ரிட்ஜ் வீட்டில் ஒருமுறை, மெக்கானிக்கிடம் ஒருமுறை, ஆக்கர் கடையில் ஒருமுறை எழுதப்பட்டிருக்கும். இதைத் தவிர்க்க, எல்லையை எந்த இடத்தில் தாண்டினால் "கழிவு" என்று கூட்டுவோம் என்று ஒரே ஒரு புள்ளியை வையுங்கள். நாங்கள் வைத்த புள்ளி: "உ" நிலையிலிருந்து "பி" நிலைக்கு மாறும் நிமிடம். அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் இடமாற்றம் மட்டுமே.

மூன்று மாதத்தை நான்கால் பெருக்கி ஆண்டுக் கணக்கு என்று எழுதாதீர்கள். இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும். ஐப்பசி இடிமழைக்கு அடுத்த வாரம் மோடமும் டிவியும் இன்வெர்ட்டரும் மெக்கானிக் கடையில் குவியும். தீபாவளி எக்ஸ்சேஞ்ச் சலுகை, மார்த்தாண்டம் பக்கம் ஓணம், வளைகுடாக்காரர்கள் வரும் விடுமுறை மாதங்கள், எல்லாம் ஓட்டத்தைக் கூட்டும். எந்த மாதங்களில் எடுத்தது என்று தலைப்பிலேயே போடுங்கள். முடிந்தால் அதே மூன்று கடைகளில் ஆண்டு முழுவதும் மாதம் ஒருநாள் மட்டும் போய் எழுதுங்கள்.

12. வெளியிடும் முன் கடைக்காரரிடம் காட்டுங்கள்

அச்சடிப்பதற்கு முன் ஒவ்வொரு கடைக்கும் அவர்களுடைய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டுங்கள். "இந்த மாசம் செம்பு இவ்வளவு வராது மக்ளே, அது மோட்டார் லோடு" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தைப் பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் எழுதுங்கள்.

கடைப்பெயர், தெருப்பெயர், படத்தில் தெரியும் பெயர்ப்பலகை, வண்டி எண், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு ஊரில் ஒரே ஒரு ஆக்கர் கடைதான் இருக்கிறது என்றால் ஊர்ப்பெயரே அவரைக் காட்டிக்கொடுக்கும். அப்போது பக்கத்து ஊரோடு சேர்த்து வட்டத்தின் பெயரில் எழுதுங்கள். குளக்கரையில் கண்ணாடி கிடந்த இடங்களை மட்டும் தனித்தாளில், தேதியும் படமும் சேர்த்து, உள்ளாட்சிக்கும் நாகர்கோவிலில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கடைகளின் பெயர் உள்ள நோட்டு ஒரே ஒருவரிடம் பூட்டில் இருக்கட்டும், அடுத்த ஆண்டு அதே கடைகளுக்குப் போக அது வேண்டும்.